வெட்டிய அடிமரத்தின் எடையைத் தராசு இல்லாமல் கணிப்பது எப்படி?

அடிமரத்தின் கன அளவை அந்த மரத்தின் அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். துண்டின் நடுவில் கயிறு சுற்றிச் சுற்றளவு எடுங்கள். வேர்ப்பக்கம் அளந்தால் கணக்கு எகிறிவிடும். சுற்றளவை அதே சுற்றளவாலும், பிறகு நீளத்தாலும் பெருக்கி 12.57ஆல் வகுக்க வேண்டும். 1.2 மீட்டர் சுற்றளவு, 3 மீட்டர் நீளம் என்றால் சுமார் 0.34 கன மீட்டர். பச்சைக் கடின மரத்துக்குக் கன மீட்டருக்கு 1000 கிலோ வைத்தால் 340 கிலோ. நனைந்த கோணியைப் போலப் பச்சை மரம் நீரைச் சுமக்கிறது. காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோவை ஒட்டித்தான் நிற்கும்.

சுற்றளவில் கால் பங்கை அதே கால் பங்காலும், பிறகு நீளத்தாலும் பெருக்குவது மரக்கடையின் கால் சுற்றளவுக் கணக்கு. அதை எடைக்கும் பலர் எடுக்கிறார்கள். அது அறுவைச் சேதாரம் கழித்தது, உண்மைக் கன அளவில் 78.5 சதவீதமே. அதை நம்பிக் கிரேன் பிடிக்காதீர்கள்.