2016-ல் வாங்கிய லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. லேப்டாப் அதன்பிறகும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள் முன்புபோல் தானாக வராது. அதில் வங்கிக் கணக்கைப் பார்ப்பவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0. இந்த டிபிஎம் என்பது மறைச்சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி. என் பழைய டெஸ்க்டாப்பில் அது இல்லை என்றே செய்தி வந்தது. பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால், அணைத்து வைக்கப்பட்டிருந்தது! இன்டெல் கணினி என்பதால் 'பிடிடி' (PTT) என்ற பெயரில் இருந்த அதை இயக்கியதும் அந்தச் செய்தி போய்விட்டது. ஏஎம்டி கணினி என்றால் 'எஃப்டிபிஎம்' (fTPM) என்று தேடுங்கள்.

ஆனால் உங்களுக்குத் தடை வேறு. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைச் சிப் வேண்டும். அவை வந்ததே 2017-ல்தான். குறுக்கு வழியில் ஏற்றலாம், சிலர் ஏற்றியும் இருக்கிறார்கள். பிற்பாடு அப்டேட் வருமென்று உறுதி இல்லாததால் நான் அதைச் சொல்லமாட்டேன்.

நல்ல லேப்டாப்பைத் தூக்கிப் போடவும் எனக்கு மனசு வராது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். தமிழ்99 தட்டச்சும் அதில் கிடைக்கும். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால் படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, திறந்தும் பார்த்துவிடுங்கள்.