போர்க்காலப் பிரதமராக லாயிட் ஜார்ஜை எப்படி மதிப்பிடுவது?

முதல் உலகப் போரில் பிரிட்டனை வழிநடத்திய டேவிட் லாயிட் ஜார்ஜ் பெரிய தலைவரா, சந்தர்ப்பவாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். நிர்வாகத் திறமையில் அவருக்கு இணையானவர்கள் மிகக் குறைவு என்பேன்.

1915இல் பீரங்கிக் குண்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு. புதிதாக அமைந்த வெடிமருந்துத் துறைக்கு அமைச்சரான அவர், தொழிலதிபர்களை அழைத்து வந்து பொறுப்புக் கொடுத்தார்; பெண்களைப் பெருமளவில் ஆலைகளுக்குக் கொண்டுவந்தார்; உற்பத்தி பல மடங்கு பெருகியது. 1916 டிசம்பரில் பிரதமரானதும் முடிவெடுக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவையிடம் குவித்தார். அதுவரை அமைச்சரவைக் கூட்டங்களுக்கு முறையான குறிப்பேடே கிடையாது! அதற்கெனச் செயலகம் அமைத்தவரும் அவர்தான். அது இன்றும் இயங்குகிறது.

ஆனால் தளபதி ஹெய்க்கின் திட்டத்தில் நம்பிக்கை இல்லாமலேயே, 1917இல் பெல்ஜியத்தில் பெரும் உயிரிழப்பில் முடிந்த பாஷண்டேல் தாக்குதலைத் தடுக்காமல் விட்டார். என்னால் மன்னிக்க முடியாதது இதுதான். அவருக்கு முன் பிரதமராக இருந்த ஆஸ்குவித்துடன் ஏற்பட்ட பிளவு, இருவரும் சார்ந்த லிபரல் கட்சியைச் சிதைத்தது. ‘சர்’, ‘லார்ட்’ போன்ற அரசுக் கௌரவப் பட்டங்களைப் பணத்துக்கு விற்ற ஊழல் வேறு. 1922 அக்டோபரில் அவரது கூட்டணி அரசில் இருந்த கன்சர்வேடிவ் கட்சியினர் ஆதரவை விலக்கியதும் பதவி விலகினார். 1945இல் இறக்கும்வரை மீண்டும் அமைச்சராகவே இல்லை.