பந்து வராத பக்கம்

அன்புள்ள ஐயா,

பிட்ஸ்பர்க்கில் படித்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் லின் ஸ்வான், ஜான் ஸ்டால்வொர்த் இருவரின் பெயர்களும் ஒரு வரியில் வந்தன. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் 1986-இல் பிறந்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக வட கரோலினாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் மூலம் அமெரிக்கக் கால்பந்துக்குள் வந்தேன். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பழைய காணொளிகளைப் பார்க்கப் பார்க்க, எழுபதுகளில் அதற்காகப் பந்து பிடித்த அந்த இருவர்மேல் சொல்ல முடியாத ஏக்கம் உண்டாகிவிட்டது. பாலே கற்றவர் என்பது ஸ்வானின் ஒவ்வொரு தாவலிலும் தெரிகிறது. மூளை அதிர்ந்து மருத்துவமனையில் கிடந்தவர் இரண்டே வாரத்தில் திரும்பிவந்து சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டியை வென்றார். இன்றைய ஆட்டக்காரர்களிடம் அந்த வீரம் இல்லை. ஆனால் என் பதினான்கு வயது மகன் சிரிக்கிறான். ஒன்பது ஆண்டுகளில் 336 பந்துகள் பிடித்தவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ்மண்டபத்தில் இடம் எதற்கு என்கிறான். இருவரில் யார் பெரியவர்? இப்படி ஓர் இணை இன்று ஏன் இல்லை?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யார் பெரியவர் என்று முடியும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று கேட்பவருக்கு யார் என்ன சொன்னாலும் அவர் திருப்தியடையப்போவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது அந்த இருவரும் ஆடிய ஆட்டம் ஒன்றைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகனின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2019-இல் மைக்கேல் தாமஸ் ஒரே பருவத்தில் 149 பந்துகள் பிடித்தார். ஸ்வான் ஒரு பருவத்தில்கூட ஆயிரம் கெஜத்தைத் தொட்டதில்லை. அவருடைய உச்சம் 1978-இல் எடுத்த 880 கெஜம். இரண்டும் உண்மை. ஆனால் 1975-இல் ஸ்டீலர்ஸுக்குப் பந்து வீசும் டெர்ரி பிராட்ஷா பதினான்கு ஆட்டங்களில் வீசியவை மொத்தமே 286 பந்துகள், அதாவது ஆட்டத்துக்கு இருபது. அந்த இருபதையும் ஸ்வான், ஸ்டால்வொர்த், மற்றவர்கள் என்று எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போதாததற்கு, 1978-இல் விதி மாறும்வரை, பந்து வீசுபவரின் கையைவிட்டுப் புறப்படும் வரை, அதைப் பிடிக்க ஓடிவரும் ரிசீவரைத் தடுப்பாளர் களத்தில் எங்கே வேண்டுமானாலும் இடித்துத் தள்ளலாம். ஐந்து கெஜத்துக்கு அப்பால் கை வைக்கக் கூடாது என்று பிறகு வந்த விதிக்கு மெல் பிளவுன்ட்டின் பெயரையே வைத்து அழைக்கிறார்கள். பிளவுன்ட் இவர்களுடைய அணிக்காரர். நம் ஆட்கள் இருவரும் வாரம் முழுக்கப் பயிற்சியில் அவரிடம் இடி வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எதிரணியிடம் வாங்கப் போனார்கள். இதை மகனிடம் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பையனுக்குப் புரியும்.

இனி உங்கள் விஷயம். 1986-இல் பிறந்தவர் நீங்கள். ஸ்வான் கடைசியாக ஆடியது 1982 பருவத்தில். காணாத ஒன்றுக்காக ஏங்குவதில் தவறில்லை, ஆனால் நீங்கள் ஏங்குவது பத்து நிமிடத் தொகுப்பு ஒன்றுக்காக. அதில் பந்து எப்போதும் காற்றில் இருக்கிறது, யாரோ ஒருவர் எப்போதும் தாவிக்கொண்டிருக்கிறார். மயாமியில் 1976 ஜனவரி 18 அன்று நடந்த பத்தாவது சூப்பர் பௌலில் டல்லாஸ் தடுப்பாளர் மார்க் வாஷிங்டனோடு மோதி விழுந்துகொண்டே, நழுவிய பந்தைத் தரையில் படுமுன் ஸ்வான் அணைத்துக்கொள்ளும் அந்த 53 கெஜப் பிடிப்பை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். அந்தப் பிடிப்பால் ஸ்டீலர்ஸுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அதைத் தொடர்ந்து உதைத்த ஃபீல்டு கோல் குறி தவறிப் போனது. தொகுப்பில் அது வராது. அணியைக் கரைசேர்த்தது நான்காம் கால்பகுதியில் அதே ஸ்வான் பிடித்து எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்த 64 கெஜ டச்டவுன். அதை வீசிய கணத்தில் அடிபட்டு விழுந்த பிராட்ஷாவுக்கு அது டச்டவுன் என்பதே பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று ஸ்வான் பிடித்தவை நான்கு பந்துகள், 161 கெஜம். சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் ரிசீவர் அவர். அதே ஆட்டத்தில் ஸ்டால்வொர்த் பிடித்தவை இரண்டு, வெறும் எட்டு கெஜம். அந்த ஆட்டத்தில் அவருடைய சட்டை எண் 82-ஐ நீங்கள் ஒருமுறையாவது பார்த்தீர்களா?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் என் வீட்டுக்காரர். 1979 செப்டம்பரில் உலோகவியல் படிக்க பிட்ஸ்பர்க் போனபோது மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தவர். எஃகு ஆலையில் இருபத்தாறு ஆண்டு வேலை செய்திருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன. எனக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை என்பதைக் கண்டுகொண்டு, நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலில் கிடந்த மருமகனின் சீட்டில் என்னை த்ரீ ரிவர்ஸ் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். மேல்தட்டில், காற்று முகத்தில் அறையும் இருக்கை. அவருடைய கோட்டை என்மேல் போர்த்திவிட்டு ஒரு நிபந்தனை விதித்தார்: முதல் கால்பகுதி முடியும்வரை பந்தை நான் பார்க்கக் கூடாது. 82 என்ற எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்டால்வொர்த், பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோலவே கிளம்பினார். பத்துப் பதினைந்து கெஜம் முழு வேகத்தில் ஓடி, திரும்பி, தடுப்பாளரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் எங்கோ பிராங்கோ ஹாரிஸ் பந்தோடு கூட்டத்துக்குள் நுழைவதை அரங்கத்தின் இரைச்சலைக் கொண்டு ஊகித்தேன். ஒருமுறை அவர் ஓடாமல் நேரே போய்த் தடுப்பாளரின் மார்பில் தோளை வைத்து, அந்த ஆள் பின்வாங்கப் பின்வாங்கக் கால்களைச் சின்னச் சின்னதாக எடுத்துவைத்துத் தள்ளிக்கொண்டே போனார். விசில் ஊதிய பிறகுதான் விட்டார். பிறகு தலையைக் குனிந்து, முகக்கம்பியில் சிக்கியிருந்த எதையோ விரலால் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். கூட்டம் கத்தியது ஹாரிஸுக்காக. என் வீட்டுக்காரர் மட்டும் என் முழங்காலைத் தட்டி, பார்த்தாயா என்று கேட்டார்.

நீங்கள் இணை என்று சொல்வது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் இருந்ததால் மற்றவருக்குக் களத்தில் இடம் கிடைத்தது. ஒருவர் இருந்ததாலேயே மற்றவரின் கணக்கு குறைந்தது. இரண்டும் ஒரே காரியத்தின் இரு பக்கங்கள். பதின்மூன்றாவது சூப்பர் பௌலில் முதல் பாதியில் இரண்டு டச்டவுன்களைப் பிடித்தவர் ஸ்டால்வொர்த். நான்காம் கால்பகுதியில் ஒன்றைப் பிடித்தவர் ஸ்வான். 1988-இல் தகுதி பெற்றும் ஸ்வானை 2001 வரை ஹால் ஆஃப் ஃபேம் வாசலில் நிற்கவைத்தவர்கள் உங்கள் மகனின் கணக்கைத்தான் போட்டார்கள். 537 பந்துகள் பிடித்த ஸ்டால்வொர்த்துக்கோ 2002-இல்தான் இடம் கிடைத்தது. 2001-இல் ஸ்வானை மேடையில் அறிமுகப்படுத்தியவர் ஸ்டால்வொர்த். அவர்களுக்குள் பொறாமை இருந்ததா, நட்பு இருந்ததா என்றெல்லாம் தேடிப் போக எனக்கு ஆர்வமில்லை. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரே வேலையை ஒன்பது ஆண்டுகள் பக்கத்தில் நின்று செய்த இருவருக்கிடையே எல்லாமும் இருந்திருக்கும்.

பாலே என்றீர்கள். ஸ்வான் சிறுவயதில் நடனம் கற்றது உண்மை. ஆனால் அந்தச் செய்தியைச் சொல்லிச் சொல்லி, அவர் ஏதோ காற்றில் பிறந்தவர்போல ஆக்கிவிட்டார்கள். ஸ்டால்வொர்த்தைக் கண்டுபிடித்த கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். அலபாமா ஏ அண்டு எம் என்னும் கறுப்பினக் கல்லூரியில் அவர் ஓடியதை ஈரத் தரையில் அளந்துவிட்டு, வேகம் போதாது என்று மற்ற அணிகளின் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பில் நன் என்பவர், பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையில் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்து பிறகு ஸ்டீலர்ஸுக்கு ஆள் தேடும் வேலைக்கு வந்தவர், உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டு மறுநாள் நல்ல தரையில் மறுபடி ஓடவைத்து அளந்தார் என்று சொல்வார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச்சுற்றாக எடுக்கும் 1974 தேர்வில் ஸ்வான் முதல் சுற்றில் வந்தார். ஸ்டால்வொர்த் நான்காம் சுற்றுவரை யாராலும் எடுக்கப்படாமல் காத்திருந்தார். எல்லோரும் போன பிறகு ஒருவர் தங்கிப் பார்த்ததால் வந்த ஆள் அவர்.

இப்போது நான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டிய இடம். மூளை அதிர்ந்தவர் இரண்டு வாரத்தில் ஆட வந்ததை வீரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓக்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜார்ஜ் அட்கின்சன் அடித்து ஸ்வான் மருத்துவமனைக்குப் போனார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அதே அட்கின்சன், பந்தே இல்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்வானைப் பின்தலையில் முன்கையால் அடித்தார். இத்தகையவர்களைக் குற்றக் கும்பல் என்று சொன்னதற்காகப் பயிற்சியாளர் சக் நோல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவந்தது. வழக்கில் நோல்தான் வென்றார். அதே 1974 தேர்வில் ஐந்தாம் சுற்றில் வந்தவர் மைக் வெப்ஸ்டர். பதினேழு ஆண்டுகள் ஆட்டத்தின் நடுவில் குனிந்து நின்று தலையால் இடித்தவர். 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். திரும்பத் திரும்ப விழும் அடிகளால் மூளை சிதைவது அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரிடம் முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது அவருடைய மூளையை மருத்துவர் பென்னட் ஒமாலு ஆராய்ந்தபோதுதான். உங்கள் மகன் ஆடுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. ஆடினால், தலையில் அடிபட்டு இரண்டு வாரத்தில் அவன் களத்தில் இறங்குவதை வீரம் என்பீர்களா? ஏக்கத்துக்காக நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லத் துணியாத ஒன்றை அடுத்தவர் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

கொஞ்சம் கடுமையாகிவிட்டது. விடுங்கள். நானும் உங்களைவிடப் பெரிய யோக்கியனில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1980 ஜனவரி 20. பசடீனாவில் ராம்ஸ் அணியோடு பதினான்காவது சூப்பர் பௌல். வீட்டுக்காரரின் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல், ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் ஆட்டும் மஞ்சள் துண்டு விரித்திருந்தது. நான்காம் கால்பகுதி தொடங்கியபோது ஸ்டீலர்ஸ் 17-க்கு 19 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்த வாரப் பயிற்சியில் சரியாக வராத ஓர் ஓட்டத்தை நோல் கேட்டார். ஸ்டால்வொர்த் நிற்பதுபோலப் பாவனை காட்டிவிட்டு நேரே ஓடினார். ராட் பெர்ரியின் விரல் நுனிக்கு மேலே போன பந்து தோளுக்கு மேலாக அவர் கையில் இறங்கியது. 73 கெஜம், டச்டவுன். நாங்கள் கத்தியதில் மேல்மாடியிலிருந்த இன்னொரு மாணவன் பயந்து ஓடிவந்தான்.

நாற்பது ஆண்டுகளாக நான் அந்தப் பிடிப்பை நண்பர்களிடம் இப்படித்தான் சொல்லிவந்தேன்: மறுபக்கம் 88, அதாவது ஸ்வான், ஓடினார், ஒரு தடுப்பாளரின் கண் அவர்மேல் போனது, அதனால்தான் 82-க்கு வழி கிடைத்தது. இணை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார். எண்பதுகளில் ஆலை மூடப்பட்டு, அந்தத் தெருவில் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போனபோது அவரும் மகளோடு ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். இன்று எந்த ஊர் அரங்கத்திலும் மஞ்சள் துண்டுகள் தெரிவதற்கு அப்படிப் போனவர்களின் குடும்பங்களும் ஒரு காரணம். அங்கிருந்து 1993-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதி விரல்களால் தாளை அழுத்திக்கொண்டு எழுதிய, வலப்பக்கம் சரியும் எழுத்து. ஸ்வான் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போகாவிட்டால் ஸ்டால்வொர்த்துக்கு அந்தப் பந்து கிடைத்திருக்குமா, உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நன்றாக நினைவிருக்கிறது என்று நான் பதில் எழுதினேன்.

சென்ற மாதம்தான் அந்த ஆட்டத்தின் முழுப் பதிவைப் பார்த்தேன். 47 கெஜ டச்டவுன் ஒன்றைப் பிடித்த ஸ்வான், மூன்றாம் கால்பகுதியிலேயே அடிபட்டுக் களத்தைவிட்டுப் போய்விட்டார். அந்த 73 கெஜம் ஓடும்போது அவர் அங்கே இல்லை. அன்று இரவு நாங்கள் இருவரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவருக்குப் பதிலாக ஆடியவர் ஜிம் ஸ்மித். வீட்டுக்காரரின் கடிதத்தை எடுத்து மறுபடி இரண்டு முறை படித்தேன். அதில் ஜிம் ஸ்மித்தின் பெயர் எங்கும் இல்லை.