ஜப்பானில் பிரதமர் மாறினால் பக்கத்து நாடுகளுக்கு என்ன?

கேள்வி: ஜப்பானில் யார் பிரதமரானால் என்ன, சீனாவும் கொரியாவும் ஏன் இப்படிப் பதறுகின்றன?

யாசுகுனிதான் முதல் காரணம். தோக்கியோவில் இருக்கும் அந்த ஆலயத்தில் போரில் இறந்த சுமார் 25 லட்சம் பேரை வணங்குகிறார்கள். 1978ல் சத்தமில்லாமல் இரண்டாம் உலகப் போரின் 14 முதல்தரப் போர்க்குற்றவாளிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஒரு காலத்தில் ஜப்பானின் ஆக்கிரமிப்பில் அடிபட்ட சீனாவுக்கும் கொரியாவுக்கும் அது பொறுக்குமா? கொய்சுமி பிரதமராக இருந்தபோது 2001 முதல் 2006 வரை வருடம் தவறாமல் அங்கே போனார், சீனத் தலைமையோடு பரஸ்பர விஜயங்களே நின்றுபோயின. அடுத்து வந்த அபே அவரைவிடத் தீவிரமான தேசியவாதி, இனி கெட்டது உறவு என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவரோ பதவியேற்ற இரண்டே வாரத்தில் பெய்ஜிங் போனார், மறுநாள் சியோல். யாசுகுனிக்குப் போவீர்களா என்று கேட்டால் போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை! (இரண்டாம் முறை பிரதமரானபோது, 2013 டிசம்பரில், போயேவிட்டார். அது தனிக்கதை.)

2025 அக்டோபரில் சனே தகாயிச்சி வந்தபோதும் இதே கவலைதான். ஆனால் ஆலயத்தின் அந்த வருட இலையுதிர்கால விழாவுக்கு அவர் யாசுகுனி பக்கம் போகவில்லை, தென்கொரிய அதிபர் லீயோடு கியோங்ஜூ சந்திப்பும் சுமுகமாகவே முடிந்தது, அங்கேயே ஷி ஜின்பிங்கையும் பார்த்தார். ஒரே வாரம்தான். தைவானைச் சீனா போர்க்கப்பல்களோடு தாக்கினால் அது ஜப்பானின் இருப்புக்கே ஆபத்தாகலாம் என்று நவம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்று பெய்ஜிங் தன் மக்களிடம் சொன்னது, ஜப்பானிய கடல் உணவுக்கும் கதவை மூடியது. தைவான் அதிபர் லாய் என்ன செய்தார் தெரியுமா? ஜப்பானிய மீனில் செய்த சுஷி சாப்பிடும் படத்தைப் போட்டார். ஆகவே 'பக்கத்து நாடுகள்' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் மிதவாதி யாராவது வந்தால் சரியாகிவிடுமா?

வந்தாரே. 2009ல் ஹதோயாமா கிழக்காசியச் சமூகம் அமைப்போம் என்றார், ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. அதே கட்சியின் பிரதமர் நோதா 2012ல், சீனாவும் உரிமை கோரும் செங்காகு தீவுகளில் மூன்றைத் தனியாரிடமிருந்து அரசுக்கு வாங்கினார். தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா வாங்கி வம்பு வளர்ப்பதற்குள் நாமே வாங்கிவிடுவோம் என்ற கணக்கு, நல்ல எண்ணம்தான். சீனாவில் அதை யார் கேட்டார்கள், நகரம் நகரமாக ஊர்வலம் போய் ஜப்பானியக் கடைகளையும் கார்களையும் உடைத்தார்கள்.