கியர் பாக்ஸை இறக்கும் முன் ஒரு சென்சாரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் கார், நாலு கியர் ஆட்டோமேட்டிக். 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பின்னால் யாரோ இடித்தது போல ஒரு குலுக்கல். 40 கி.மீ. வேகத்தில் சும்மா போய்க்கொண்டிருக்கும்போதே கியர் ஏறி ஏறி இறங்குகிறது. செக் எஞ்சின் விளக்கு ஒருநாள் எரிகிறது, மறுநாள் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு சார், இறக்கணும், 70,000 ஆகும்" என்கிறார்கள். வண்டியை விற்றாலே ஒன்றரை லட்சம்தான் தேறும். செய்வதா, விற்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். விளக்கு எரிந்திருக்கிறது என்றால் வண்டி ஏதோ சொல்ல வருகிறது. அதைக் கேட்காமல் ஓட்டிப் பார்த்தே 70,000 சொன்னவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். முதலில் வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்து, வந்த பிழைக் குறியீட்டு எண்ணைத் (கோடு) தாளில் எழுதி வாங்குங்கள். பி0120 முதல் பி0123 வரை ஏதாவது வந்தால் சந்தேகம் த்ராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) பொசிஷன் சென்சார் பக்கம் போகும். பி0300 வரிசை வந்தால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம். எஞ்சின் மிஸ் ஆவதையும் பலர் கியர் கோளாறு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்சாருக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பது கியர் பாக்ஸுக்கு நேரடியாகத் தெரியாது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இந்தச் சென்சார் சொல்வதையும் வண்டியின் வேகத்தையும் வைத்துத்தான் எப்போது கியர் மாற்றுவது, எவ்வளவு ஆயில் அழுத்தம் கொடுப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சென்சார் பொய் சொன்னால் நல்ல கியர் பாக்ஸும் தப்பான நேரத்தில் முரட்டுத்தனமாக மாறும். பழைய வண்டிகளில் இது உள்ளே ஒரு தடத்தில் உரசிக்கொண்டே நகரும் சாதனம், ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரி. நாம் பெரும்பாலும் லேசாக மிதித்தே ஓட்டுவதால் தடம் அந்த இடத்தில்தான் முதலில் தேயும். நீங்கள் சொல்லும் 40 கி.மீ. தொல்லை இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சென்சாரின் மூன்று ஒயர்களில் ஒன்றில் 5 வோல்ட் வரவேண்டும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் ஏறக்குறைய 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5 வோல்ட் பக்கம். மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திறந்துகொண்டே பாருங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் 1.1-லிருந்து சட்டென்று 0.3-க்கு விழுந்து திரும்ப ஏறினால் கள்வன் அகப்பட்டான். இந்த விஷயத்தில் பழைய முள் மீட்டர்தான் கெட்டி, டிஜிட்டலில் அந்தச் சின்ன வழுக்கல் தப்பிவிடும். இதெல்லாம் ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள வண்டிக்கு. கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் விரலை விட்டுத் திறக்காதீர்கள், ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள்.

5 வோல்ட்டே வரவில்லையா? சென்சாரைக் குறை சொல்லாமல் கப்ளரையும் ஒயரையும் பாருங்கள். என் பழைய வண்டியில் இதே குலுக்கலுக்குப் புது சென்சார் வாங்கி மாட்டிய பிறகுதான் எலி கடித்த ஒயர் கண்ணில் பட்டது. அந்தப் பழைய சென்சார் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, நன்றாக வேலை செய்யும்.

சென்சார் சரி என்றால் அடுத்தது கியர் ஆயில். டிப்ஸ்டிக்கைத் துடைத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். வண்டி நிற்கும்போது பி-யிலிருந்து டி-க்கு மாற்றினாலே 'டொக்' என்று இடித்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் குலுக்கல் இருந்தால் அப்புறம் கியர் பாக்ஸைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கடையில் வாங்கிய சென்சார் மாட்டிய மூன்றாம் நாளே செத்துவிட்டது. "எலெக்ட்ரிக்கல் ஐட்டம், ரிட்டன் கிடையாது" என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாத நிலையில், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பணம் ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவையும், பார்ட் நம்பர் தெரியும்படி பெட்டியின் படத்தையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. சென்சாரை மட்டும் திறந்து பார்த்துவிடாதீர்கள். "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொல்ல அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.