சம்பளம் இல்லாமல் ஒரு கேம் மாட் குழுவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு மாட், அதாவது விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி, செய்கிறார்கள்: ஒரு புதிய தீவு. பன்னிரண்டு குவெஸ்ட் (விளையாடுகிறவர் முடிக்க வேண்டிய கதைப்பணி), எல்லா வசனத்துக்கும் குரல். எட்டு மாதமாக ஆள் தேடுகிறார்கள். சேருகிறவர்கள் இரண்டு வாரம் இருந்துவிட்டுக் காணாமல் போகிறார்கள். சம்பளம் கொடுக்க வழியில்லை. என்ன செய்வது?

நான் ஒரு ஸ்கைரிம் மாட் குழுவில் ஐந்து வருடம் இருந்தேன். முதலில் வீடு, கிடங்கு, குகை என்று உள் அறைகளை அமைக்கும் வேலை. பிறகு மூன்றரை வருடம் ஆள் சேர்க்கும் பொறுப்பு. இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

சம்பளம் கிடையாது என்று தெரிந்துதான் அவர்கள் வந்தார்கள். அதனால் போனதற்கும் அது காரணமாக இருக்காது. வந்த முதல் வாரத்தில் கையில் வேலை கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் குழுவில் கிடைக்கவில்லை. "3டி மாடலர் 4, லெவல் டிசைனர் 6, எழுத்தாளர் 3, குரல் நடிகர் 20 பேர் தேவை" என்று ஒரு பெரிய அறிவிப்பு, கூடவே அழகான டிரெய்லர். ஒரே வாரத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். எல்லாரையும் டிஸ்கார்டில் சேர்த்தோம், பெயருக்கு ஒரு நிறம் கொடுத்தோம். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டவர்களிடம் டிசைன் டாகுமென்ட்டைப் படிக்கச் சொன்னோம். அது தொண்ணூறு பக்கம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது நான்கு பேர். வந்தவர்களில் நல்ல கைகள் எத்தனையோ இருந்திருக்கும். வேலை கேட்டு வந்தவர்களைப் படிக்க அனுப்பிவிட்டோம்.

அதன்பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்றுதான். துண்டாக வெட்டிய வேலை கையில் இல்லாமல் ஆள் கேட்பதில்லை. பத்து வேலை தயாராக இருந்தால் பத்துப் பேருக்கு அறிவிப்பு. ஒரு வேலை இருந்தால் ஒருவருக்கு.

துண்டு என்றால் எவ்வளவு? ஸ்கைரிமில் இதற்கு இயல்பாகவே ஓர் அளவு இருக்கிறது. மாட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட்டில் ஒரு வீட்டின் உட்புறம் தனி செல், அதாவது தனியாகத் திறந்து வேலை செய்யக்கூடிய ஓர் இடம். ஒருவர் தன் கணினியில் தனி இஎஸ்பி கோப்பில் (மாட்டின் மாற்றங்களைச் சேமிக்கும் கோப்பு) அந்த ஒரு செல்லைச் செய்து அனுப்பலாம். மற்ற யாருக்காகவும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை, அவருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே செல்லில் இரண்டு பேர் கை வைத்தால்தான் வம்பு. ஒருவர் போட்ட மேசைக்குள் இன்னொருவர் போட்ட பீப்பாய் நிற்கும். பாத்திரங்கள் எங்கே நடக்கலாம் என்று சொல்லும் நேவ்மெஷ் விஷயத்தில், கடைசியாக லோட் ஆகிற கோப்பு முந்தையதை மூடிவிடும். அதனால் புதியவருக்கு முதல் வேலை எப்போதும் ஓர் அறைதான். குவெஸ்ட் கொடுக்காதீர்கள். ஒரு குவெஸ்ட் பத்து இடத்தைத் தொடும், குழுவின் பழக்கவழக்கம் தெரியாதவர் அதில் திணறிப்போவார்.

இந்த வழியில் நீண்ட காலம் தாக்குப்பிடித்த குழுவுக்கு டாம்ரியல் ரீபில்ட் நல்ல உதாரணம். ஸ்கைரிம் வரிசையில் முந்தைய விளையாட்டான மாரோவிண்ட் 2002இல் வந்தது. அது வருவதற்கு முன்பே, அதற்கு மாட் செய்ய 2001இல் தொடங்கிய குழு இது, இன்றும் பகுதி பகுதியாக வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே புதிதாக வருகிறவர் முதலில் ஒரு மாதிரி அறையைச் செய்து காட்ட வேண்டும். பழையவர்கள் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். அது தேறிய பிறகுதான் நிஜமான அறையைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ பேர் வந்து போயும் அந்த வேலை நிற்கவில்லை என்றால், இந்தச் சின்ன நடைமுறைக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரும்பாலும் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும்தான் இருந்தோம், தமிழ் பேசுகிறவர்கள் என்று பார்த்தால் நானும், திருநெல்வேலிப் பக்கம் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியும்தான். அவனுக்கு நான் கொடுத்த முதல் வேலை ஒரு மீன்வியாபாரியின் நிலவறை. நான்கு சுவர், ஒரு படிக்கட்டு, ஒரு கதவு. பீப்பாய், உப்புமூட்டை, தொங்கும் மீன் என்று நிரப்பி ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டான். பார்க்க அருமையாக இருந்தது. வெளிச்சம்கூட படிக்கட்டில் மட்டும் விழுகிற மாதிரி யோசித்துச் செய்திருந்தான். ஆனால் உடன் வரும் துணைப்பாத்திரம் கதவைத் தாண்டவில்லை. இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினான்: "அக்கா, நான் உள்ள போயிட்டேன். அவ கதவுக்கிட்டயே நிக்கா, வர மாட்டேங்கா."

திரையைப் பகிரச் சொன்னேன். நேவ்மெஷ் முக்கோணங்கள் எல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தன. கதவுக்கு அடியில் இருக்கும் முக்கோணம் மட்டும் பச்சையாக மாறவில்லை. முடித்த நேவ்மெஷை ஃபைனலைஸ் செய்தால்தான் அது கதவோடு இணையும், பச்சையாகும். ஒரே ஒரு பட்டன். அழுத்தினான், சேமித்தான், விளையாட்டைத் திறந்தான். துணைப்பாத்திரம் படியிறங்கி வந்து உப்புமூட்டை பக்கத்தில் நின்றது. அவன் ஒன்றும் பேசவில்லை, அந்த நிலவறைக்குள் அவளை நான்கு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார இறுதியில் வந்த உள்சோதனைப் பதிப்பில் அவனுடைய நிலவறை இருந்தது, நன்றிப் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. அவன் மூன்று வருடம் எங்களோடு இருந்தான். கடைசி ஒரு வருடம், எல்லாருடைய கோப்புகளையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலையே அவன் கையில்தான்.

அந்தச் சேர்க்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆள் தேடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். அனுப்பப்பட்ட கோப்பை எக்ஸ்எடிட் என்ற கோப்பு திருத்தும் கருவியில் திறந்து, கைதவறித் தொட்ட பதிவுகளை நீக்கி, முதன்மைக் கோப்பில் சேர்க்கிற ஆள் உங்கள் மூவரில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் வேறு எதுவும் செய்யக்கூடாது. நீங்கள் மூவருமே தீவைச் செதுக்கிக்கொண்டிருந்தால், புதியவர் அனுப்பிய அறை இரண்டு மாதம் யாரும் திறக்காமல் கிடக்கும். தன் வேலையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த அறையைச் செய்ய யாருக்கு மனம் வரும்?

குரல் நடிகர்களைப் பற்றிச் சுருக்கமாக. இவர்கள்தான் எளிதாகக் கிடைப்பார்கள், ஆனால் ஸ்கிரிப்ட் முடியும் முன் கூப்பிடாதீர்கள். வசனம் மாறினால் மறுபடி பதிவு செய்யச் சொல்ல வேண்டியிருக்கும், இரண்டாவது தடவை வருகிறவர்கள் குறைவு. மூன்று வரி மாதிரி கேளுங்கள், நடிப்போடு சேர்த்துப் பின்னணிச் சத்தத்தையும் கவனியுங்கள். நம் ஊரிலிருந்து பதிவு செய்தால் மின்விசிறி இரைச்சல் எப்படியும் உள்ளே வரும். எங்களுக்காக ஓர் அம்மா மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் மைக்கை வைத்து, விடியற்காலையில் அறுபது வரி பேசி அனுப்பினார். அந்தப் பதிவைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

இனி பணம். "பின்னால் வருமானம் வந்தால் பங்கு தருவோம்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அடுத்தவர் விளையாட்டின் மேல் கட்டுகிற வேலை இது. ஸ்கைரிமை உருவாக்கிய பெதெஸ்தா நிறுவனத்தின் சொந்தக் கடை வழியாக அனுமதி பெற்றவர்கள் விற்பது தனி விஷயம், மற்றபடி மாட்களை விற்க உரிமம் இடம் தராது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விற்கும் ஏற்பாடு வந்தது, செய்தவருக்கு 25 சதவீதம். எதிர்ப்பு கிளம்பி சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஹாஃப் லைஃப் விளையாட்டை மறுபடி உருவாக்கிய பிளாக் மெசா 2012இல் இலவச மாட் ஆக வந்து, பிறகு அந்த விளையாட்டின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனத்தின் அனுமதியோடு விற்பனைக்குப் போனது உண்மைதான். ஆனால் அதன் முழுப் பதிப்பு வர 2020 ஆனது. அதைக் காட்டி ஆள் சேர்ப்பது நியாயம் இல்லை. சம்பளம் இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். நான் அப்படி எழுத ஆரம்பித்த பிறகு வந்தவர்கள் எண்ணிக்கை பாதியானது, தங்கியவர்கள் எண்ணிக்கை கூடியது.

இன்னொன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: விலகிப் போனாலும் கொடுத்த வேலை குழுவிலேயே இருக்கும், பெயர் பட்டியலில் இருக்கும், அதே வேலையை வேறெங்கும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை செய்தவருக்கும் இருக்கும். நான்கு வரி போதும். எங்களிடம் அது இல்லை. ஒரு மாடலர் மனக்கசப்பில் விலகியபோது, தான் செய்த முப்பது சொச்சம் பொருட்களையும் நீக்கச் சொன்னார். அவர் பொருள், அவர் கேட்டது தப்பில்லை. நீக்கினோம். ஒரு கடைத்தெரு முழுக்கக் காலியானது, நான்கு மாத வேலை போனது. வெளியிலிருந்து வரும் மாடல்களுக்கு 3டி மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் மூலக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். வேறொரு விளையாட்டிலிருந்து உருவி எடுத்ததைத் தன்னுடையது என்று கொடுப்பவர்கள் உண்டு, மூலக் கோப்பு கேட்டால் அது தெரிந்துவிடும்.

வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டிய இன்னொரு உண்மை, நிலம் நம்முடையது இல்லை என்பது. ஃபால்அவுட் 4 விளையாட்டுக்கான மாட் ஃபால்அவுட் லண்டன், 2024 ஏப்ரல் 23 அன்று வெளியாக வேண்டியது. பெதெஸ்தா அதே மாதம் 25ஆம் தேதி ஃபால்அவுட் 4க்குப் பெரிய அப்டேட் விடுவதாக அறிவித்தது. அந்த அப்டேட் மாட்டை வேலை செய்யாமல் ஆக்கிவிடலாம் என்பதால், பல வருட உழைப்பைத் தள்ளிப்போட்டு, ஜூலை 25 அன்றுதான் ஜிஓஜி தளத்தில் வெளியிட்டார்கள். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறவர்கள் அன்றைக்கு உடைந்துபோக மாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் திட்டத்தின் அளவு. பன்னிரண்டு குவெஸ்ட், முழுக் குரல் என்பது மூன்று பேருக்கு அகலக்கால். ஸ்கைரிமுக்கு எண்டரல் என்ற பெரிய மாட்டைச் செய்த ஜெர்மன் குழு ஷூர்ஏஐ, அதை 2016இல் வெளியிடும் முன் மாரோவிண்டுக்கு ஆர்க்ட்வெண்ட், அதே வரிசையின் ஆப்ளிவியனுக்கு 2010இல் நெஹ்ரிம் என்று செய்து முடித்துக் காட்டியவர்கள். ஸ்கைரிமில் புதிய பிரதேசங்களைச் சேர்க்கும் பியாண்ட் ஸ்கைரிம் குழுவினர் முழு சிரோடில் பிரதேசத்துக்காகக் காத்திருக்காமல், 2017இல் புரூமா நகரத்தை மட்டும் வெளியிட்டார்கள். நீங்களும் துறைமுகம், சத்திரம், ஒரே ஒரு குவெஸ்ட் என்று முதலில் வெளியிட்டுவிடுங்கள். விளையாடிப் பார்த்தவர்களிலிருந்து வருகிற ஒருவர், அறிவிப்பைப் பார்த்து வருகிற பத்துப் பேருக்குச் சமம். எங்கள் குழுவில் நின்று வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் முதலில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வந்தவர்கள்தான். பிழை சொல்கிறவருக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள், அதைச் சரிசெய்யப் பார்க்கிறீர்களா என்று கேளுங்கள்.

போகிறவர்களை நல்லபடியாக அனுப்பிவையுங்கள். தேர்வு வரும், கல்யாணம் வரும், இரவுநேர வேலை கிடைக்கும். மூன்று வாரம் சத்தமில்லாமல் இருந்தால் தனியாக ஒரு வரி கேட்பேன்: "இந்த அறையை வேறு யாருக்காவது மாற்றட்டுமா? நீங்கள் திரும்பி வந்ததும் வேறு தருகிறேன்." குற்றவுணர்ச்சியில் மறைந்து திரிகிறவருக்கு அது பெரிய விடுதலை. அப்படிப் போய் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர்.

சத்திரத்தின் மேல்மாடி இன்னும் காலியாக இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அறிவிப்பு இப்படி இருக்கும்:

"ஸ்கைரிமுக்கு ஒரு தீவு செய்கிறோம். துறைமுகமும் சத்திரத்தின் கீழ்த்தளமும் தயார், இந்த இரண்டு நிமிட வீடியோவில் பார்க்கலாம். மேல்மாடியில் மூன்று படுக்கையறைகள் காலியாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனி செல். ஓர் அறையை நிரப்பி நேவ்மெஷ் போட்டுத் தர ஒருவர் வேண்டும். கிரியேஷன் கிட்டைத் திறந்து பார்த்த பழக்கம் போதும், மற்றதைச் சொல்லித் தருகிறோம். ஐந்தாறு மணி நேர வேலை, இரண்டு வாரம் அவகாசம். சம்பளம் இல்லை, பெயர் போடுவோம். அனுப்பிய மூன்று நாளுக்குள் திறந்து பார்த்துப் பதில் எழுதுவோம்."

மூன்று அறைக்கும் ஆள் கிடைத்ததும் அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அந்த மூன்றும் முதன்மைக் கோப்பில் சேர்ந்த பிறகு அடுத்ததைப் போடலாம்.