குன்னூரில் குளிர், போனில் சூடு

கேள்வி: வணக்கம் அண்ணா. கேத்தியிலிருந்து கேரட் இறக்கிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்புகிறேன். டர்போ டீசல், ஆறு சக்கர லாரி. போன மாதம் ஒரு ஸ்கேனர் வாங்கிச் செருகி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தைப் போனில் பார்க்கிறேன். மேட்டுப்பாளையம் சமவெளியில் 52 டிகிரி. பர்லியார் மேட்டில் 66. குன்னூர் வந்தால் கை விறைக்கிற குளிர், ஆனால் 63-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பர்லியாரில் இன்ஜினை நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து சாவி போட்டால் 79! டர்போ போய்விட்டது என்கிறார் ஒருவர். இன்டர்கூலரை மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் தம்பி. பர்ஸை உள்ளே வையுங்கள்.

டர்போ காற்றை அமுக்குகிறது. அமுக்கினால் காற்று சுடும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே, அதேதான். வெளியே 30 டிகிரி இருக்கும்போது இரண்டேகால் மடங்கு அமுக்கினால், டர்போவை விட்டு வரும் காற்று 140 டிகிரியைத் தொடும். அதை இன்டர்கூலர் ஆற்றி 50, 60 என்று கொண்டுவந்து கொடுக்கிறது. உங்கள் போனில் தெரிவது இந்த ஆறின காற்று. ஏர் ஃபில்டர் பக்கத்துச் சென்சாராக இருந்தால், மேடு ஏறும்போது இவ்வளவு ஏறாது.

சரி, குன்னூர்க் குளிரில் ஏன் இறங்கவில்லை? உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்துவிட்டது, ஆனால் இன்ஜின் கேட்கும் அழுத்தம் குறையவில்லை. அதனால் டர்போ இரண்டேகால் மடங்குக்குப் பதில் 2.7 மடங்கு அமுக்கியாக வேண்டும். வெளியே 20 டிகிரிதான் என்றாலும், டர்போவை விட்டு வரும்போது 155 டிகிரி வரை போகும். குளிரில் கிடைத்த லாபத்தை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு இரண்டாம் கியரில், 15 கிலோமீட்டர் வேகத்தில், கொண்டை ஊசி வளைவில் திணறும் வண்டியின் இன்டர்கூலர் மேல் எதிர்காற்று எங்கே அடிக்கிறது?

டீக்கடை 79-ஐ மறந்துவிடுங்கள். நின்ற வண்டியில் இன்ஜின் சூடு மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில் ஏறி, சென்சாரையும் சுட வைக்கிறது. கிளம்பி நாலு நிமிடத்தில் இறங்கிவிட்டால் கோளாறு இல்லை. ஒன்று மட்டும்: மேடு ஏறி வந்ததும் சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடட்டும். இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிப் படியும். அப்படிப் படிந்தால் அந்த முதல் ஆள் சொன்னது நிஜமாகவே நடந்துவிடும்.

தனி எண்ணைப் பார்க்காமல், வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். என் அனுபவத்தில் சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது 15 முதல் 25 டிகிரி கூடுதல் என்றால் நல்ல இன்டர்கூலர். மலையில் லோடோடு 40 வரை போனாலும் நான் கவலைப்பட மாட்டேன். சமதரையில் காற்று வாங்கி ஓடியும் அந்த இடைவெளி குறையவே இல்லை என்றால்தான் பானெட்டைத் திறப்பேன்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு ஜனவரியில் தேயிலை லாரி ஒன்று வந்தது. பிக்கப் இல்லை, மேட்டில் கரும்புகை. மேனிஃபோல்டு காற்று 90-ஐத் தாண்டியது. நானும் பெரிய மேஸ்திரி மாதிரி டர்போவைக் கழற்றி, ஒரு நாள் முழுக்கத் தண்டைத் தொட்டு ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சாயங்காலம் பட்டறைப் பையன் கிரில்லுக்குள் கையை விட்டு ஒரு அட்டையை உருவினான். ஊட்டி உறைபனிக்கு டிரைவர் ரேடியேட்டர் முன்னால் செருகி, எடுக்க மறந்தது. இன்டர்கூலருக்குப் போகும் காற்றையும் அது அடைத்துவிட்டது. கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே முதலில் கிரில்லைப் பாருங்கள். அப்புறம் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடியுங்கள். பூச்சியும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கும். ஹோஸ் கிளாம்பு ஓரம் ஈரமாக ஆயில் கசிந்திருந்தால், உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, சோப்பு நீர் தடவுங்கள். நுரை வந்தால் அங்கே காற்று ஓடுகிறது. அந்தக் காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று, இன்னும் சுடும்.

என்றைக்காவது போனில் மைனஸ் 40 காட்டினால் பதற வேண்டாம், ஊட்டியில்கூட அந்தக் குளிர் கிடையாது. சென்சாரின் கனெக்டர் கழன்றிருக்கும், இல்லை வயர் அறுந்திருக்கும்.

அடுத்த நடையில் மூன்று இடத்தில் இரண்டு எண்கள் வேண்டும்: வெளி வெப்பமும் போன் காட்டுவதும். வண்டி எடுக்கும் முன், விடியற்காலை ஒன்று. அப்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையேல் சென்சார் பொய் சொல்கிறது. மேட்டுப்பாளையம் நேர் ரோட்டில் ஒன்று. பர்லியார் தாண்டி ஒன்று. எழுதுவது கிளீனர் பையனாக இருக்கட்டும். வளைவில் நீங்கள் போனைப் பார்க்காதீர்கள்.